கீழ்பென்னாத்தூரில் ஒரு செங்கோல்காரர்

எங்கள் பல்கலைக்கழகத்தின் பொன்விழா மலர் வந்துவிட்டது. வழவழப்பான தாள், கனமான அட்டை. அதில் ‘மரபுகள்’ என்ற அத்தியாயம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துபோகிறது. நான் எழுதிக் கொடுத்தது பன்னிரண்டு பக்கம். மலர்க் குழு அதில் ஒரே ஒரு பத்தியைத்தான் வெட்டியது. மீதியை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் திருவண்ணாமலையில் நான் கழித்த மூன்று நாட்களைச் சொல்ல வேண்டும்.

நான் தெற்கே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் துணைப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் எல்லோருக்கும் முன்னால் ஓர் அலுவலக உதவியாளர் வெள்ளிப் பூண் போட்ட செங்கோலை ஏந்தி நடப்பார். அவருக்கு அடுத்து பதிவாளர், பிறகு பேராசிரியர்கள், துணைவேந்தர், கடைசியில் வேந்தரான ஆளுநர். செங்கோல் மேடையில் இருக்கும்வரைதான் விழா. அதை எடுத்துவிட்டால் அதன்பின் ஆளுநர் என்ன பேசினாலும் அது வெறும் பேச்சு.

இதெல்லாம் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உள்ளதுதான். எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. விழா அரங்கின் வாசலில் செங்கோல்காரர் மூன்று மூச்சு நேரம் நிற்பார். ஆளுநர் உட்பட மொத்த ஊர்வலமும் நிற்கும். பிறகுதான் உள்ளே காலெடுத்து வைப்பார். எந்த விதி நூலிலும் இது கிடையாது. கல்விக்குச் செலுத்தும் மரியாதை என்று அழைப்பிதழ்களில் அச்சடிப்போம். உண்மையான காரணத்தை எழுதலாமே என்று எனக்கு ஆசை. அது தெரிந்த ஒரே ஆள், முதல் விழாவிலிருந்து செங்கோல் ஏந்திய ஏழுமலை. ஓய்வுக்குப் பின் அவர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் தன் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பியிருந்தார்.

தொலைபேசியை அவருடைய மகள் அம்சா எடுத்தாள். “வாங்க மேடம், தாராளமா வாங்க. அப்பா உங்களப் பத்திப் பேசாத நாளே கிடையாது” என்றாள். அந்த வார்த்தைக்குப் பிறகு வேறு யாராக இருந்தாலும் சந்தோஷமாகப் பெட்டி கட்டியிருப்பார்கள். நான் பயந்துகொண்டே கட்டினேன்.

போன நாளும் சரியில்லை. பௌர்ணமி என்று நாட்காட்டியைப் பார்க்காமலே பேருந்தில் ஏறிவிட்டேன். பௌர்ணமி அன்று வெளியூர்ப் பேருந்துகள் திருவண்ணாமலைக்குள் போவதில்லை. ஒவ்வொரு சாலையிலும் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையம் போட்டு இறக்கிவிட்டுவிடுகிறார்கள். காலை ஆறரைக்கு ஒரு வயலோரத்துத் தகரக் கொட்டகை முன்னால் இறங்கினேன். சக்கரம் வைத்த பெட்டி மண்ணில் உருள மறுத்தது. தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஆட்டோக்காரர் கேட்டார். “கிரிவலத்துக்காம்மா?”

“இல்லப்பா, ஒருத்தரப் பாக்கணும்.”

“அதுக்கு இந்த நாள்தான் கெடச்சுதா? ரூமு சொல்லிவெச்சீங்களா?”

சொல்லிவைக்கவில்லை. கோயிலைச் சுற்றியிருந்த விடுதிகளில் வராந்தாவில்கூட ஆட்கள் படுத்திருந்தார்கள். நாலு இடம் ஏறி இறங்கிய பிறகு அவரே செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டிய ஒரு சந்துக்குக் கொண்டுபோனார். வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கும் வீடு. மாடியில் ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்காரர் சாவி கொடுக்கும்போது, “டிவி சத்தம் கம்மியா வெச்சுக்கங்க மேடம், கீழ ரெண்டு பேரு தியானத்துல இருக்காங்க. தண்ணிய மட்டும் ஜாஸ்தி புழங்காதீங்க” என்றார். எங்கள் ஊர் விடுதிகளில் குடிக்காதீர்கள் என்றுதான் எழுதி வைப்பார்கள். இங்கே சத்தம்தான் குற்றம்.

தெருமுனையில் இட்லிக்கு வடகறி கொடுத்தார்கள். எங்கள் பக்கம் இந்தச் சேர்க்கை கிடையாது. முதல் வாய் விநோதமாக இருந்தது. நாலாவது இட்லியில் பழகிவிட்டேன். மதியம் வெயிலுக்குப் பயந்து பக்கத்துக் காபிக் கடைக்குள் போனேன். கரும்பலகையில் ராகி தோசையும், எனக்குப் பேர் தெரியாத பச்சைப் பழம் தடவிய ரொட்டியும் எழுதியிருந்தன. எதிர் மேசையில் வெள்ளைப் பருத்திச் சேலை கட்டிய வயதான வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி. நான் வாயைத் திறக்காமல் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக மௌனம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மௌனமெல்லாம் இல்லை, பேச ஆள் இல்லை என்றேன். அவள் சிரித்துவிட்டு, தானும் போன மாதம் முழுக்க ‘மௌனத்தில் இருக்கிறேன்’ என்று ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்ததாகச் சொன்னாள். “பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அதுதான் பெரிய லாபம்” என்றாள்.

நான் கோப்பையை எடுத்து வாயில் வைத்தேன். காபி ஆறிப்போயிருந்தது.

சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினால், ஆட்டோக்களை நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தோடு நடந்தே அறைக்கு வந்தேன். செருப்பில்லாமல் வேகமாக நடந்த ஒரு பெண், “மொத சுத்தா?” என்று என்னைக் கேட்டாள். இல்லம்மா, ரூமுக்குப் போறேன் என்றேன். “அதுக்கும் இதே ரோடுதான்” என்று சொல்லிவிட்டு முந்திப்போனாள்.

மறுநாள் காலையில் திண்டிவனம் சாலைத் தற்காலிக நிலையத்துக்குப் போய், சென்னைப் பலகை போட்ட பேருந்தில் ஏறினேன். கீழ்பென்னாத்தூர் அந்த வழியில்தான் என்று விசாரித்து வைத்திருந்தேன். வழியில் இருப்பது வேறு, நிற்பது வேறு என்பது எனக்கு உறைக்கவில்லை. இரண்டு நாள் அசதியில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது கோட்டை தெரிந்தது.

“செஞ்சி வந்துட்டுதா?” என்றேன் நடத்துநரிடம்.

“ஏறும்போதே கத்திகினு இருந்தேனேம்மா, கீழ்பென்னாத்தூர் நிக்காது நிக்காதுன்னு. கொட்டாவி விட்டுகினு சீட்ல உக்காந்துட்டீங்க. இறங்கி டவுன் பஸ் புடிங்க.”

வந்த வழியே டவுன் பஸ்ஸில் திரும்பினேன். இருபுறமும் நெல்லும் நிலக்கடலையும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, மூட்டை ஏற்றி, பேசி முடித்துப் புறப்படும் பேருந்து. கீழ்பென்னாத்தூரில் அம்சா வண்டியோடு காத்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். அங்கே இ-சேவை மையத்தில் கணினியில் உட்காருகிறவள். பாதி நாள் விடுப்புப் போட்டிருந்தாள். “பதினோரு மணிக்கே வந்துடுவீங்கனு பாத்தேன். அப்பா ரெண்டு தடவ ரோட்டுக்கு வந்துட்டுப் போய்ட்டாரு” என்றாள்.

ஏழுமலை வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். உயரம் குறையவில்லை. ஆறடிக்கு மேல். தலை முழுக்க நரை. வேலையில் இருந்தபோது என்னைவிடப் பத்து வயது பெரியவரான அவரை நாங்கள் எல்லோரும் ஒருமையில்தான் கூப்பிட்டோம். ‘ஏழுமலை, இங்க வாப்பா’ என்போம். இப்போது அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை.

“வாங்க மேடம், வாங்க. இம்மாந்தூரம் என்னப் பாக்கவா வந்தீங்க?” என்று இரண்டு கையையும் கூப்பினார்.

“உங்களத்தான். சௌக்கியமா இருக்கீங்களா?”

‘நீங்கள்’ என்றதும் அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா என்பது போல ஒரு பார்வை.

கூடத்துச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. சிவப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் செங்கோலோடு ஏழுமலை. அகலமான சட்டத்துக்குள் படம் ஒரு பக்கமாக ஒடுங்கி நின்றது. அதன் வலப்பக்கத்தைக் கத்தரியால் வெட்டியிருந்தார்கள். வெட்டிய விளிம்பில் இன்னொருவரின் கறுப்பு அங்கி ஒரு விரல் அகலத்துக்கு மிச்சம் இருந்தது.

நான் நோட்டைப் பிரித்தேன். ஏழுமலை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

“பல்கலைக்கழகம்னு அங்க ஒண்ணுமே இல்ல மேடம். வெறும் முள்ளுக்காடு. நான் கெணறு வெட்ற கும்பலோட அங்க வந்தவன். எனக்கு அப்ப பத்தொம்போது வயசு. மொதல்ல கெணறு வந்துச்சு, அப்பறம்தான் காலேஜு, ஆபீசு எல்லாம். கட்டடம் கட்ற வரைக்கும் காவலுக்கு இருனு சொன்னாங்க. இருந்துட்டேன். அப்படியே பியூன் வேல குடுத்தாங்க.”

“செங்கோல் எப்படி உங்ககிட்ட வந்தது?”

“மொத துணைவேந்தர் ஒருநாள் வராந்தால என்னப் பாத்தாரு. எம்மாம் உயரம்டா நீ, நீதான் தூக்கணும்னாரு. கோட்டு தச்சாங்க. பூட்ஸு குடுத்தாங்க. அதுதான் வம்பு.”

“என்ன வம்பு?”

“பூட்ஸு போட்டு நான் நடந்ததே இல்ல மேடம். சைஸு வேற பெருசு. வாசப்படிகிட்ட வரும்போது ஒரு கால் பாதி கழண்டுபோச்சு. கையில செங்கோலு. குனிய முடியாது. பின்னாடி கவர்னரு. நின்னுட்டேன். பல்லக் கடிச்சுகினு கால உள்ள சொருகினேன். மூணு மூச்சு ஆச்சு. அப்பறம் நடந்தேன். விழா முடிஞ்சதும் துணைவேந்தர் கூப்பிட்டாரு. போச்சுடா வேலனு போனேன். அந்த வாசல்ல நின்ன பாரு, ரொம்ப கம்பீரமா இருந்துச்சு, அடுத்த வருஷமும் அங்க நில்லுன்னாரு.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எத்தனை ஆளுநர்கள், எத்தனை அறிஞர்கள் அந்த வாசலில் தலைகுனிந்து நின்றிருக்கிறார்கள்! அம்சாவும் சிரித்தாள். இதை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் சிரித்தாள்.

நோட்டில் நாலு பக்கம் நிரம்பியது. செங்கோலுக்கு எலுமிச்சையும் விபூதியும் போட்டுத் துலக்கியது, ஒத்திகையில் செங்கோலுக்குப் பதிலாகத் துடைப்பக்கட்டையைத் தூக்கியது, மழை பெய்த வருடம் பந்தலுக்குள் முழங்கால் தண்ணீரில் ஊர்வலம் போனது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். ஏழுமலை அவரை உள்ளே கூப்பிட்டார்.

“நான் சொல்லுவேன் இல்ல, எனக்காகச் சண்ட போட்ட மேடம்னு? இவங்கதான். கடைசி வருஷம் என்ன எடுத்தப்ப, இவங்க ஒருத்தர்தான் எனக்காகப் பேசினாங்க.”

பக்கத்து வீட்டுக்காரர் எனக்குக் கும்பிடு போட்டார். நான் பதிலுக்குக் கும்பிட்டேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கைகளை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

பேச்சை மாற்றுவதற்காகப் படத்தைக் காட்டி, “பக்கத்துல யாரு?” என்று கேட்டேன். தெரிந்தே கேட்டேன்.

“தனபால்தான்” என்றார். சார் என்று சொல்லவில்லை.

தனபால் எங்கள் பதிவாளர். ஊர்வலத்தில் செங்கோலுக்கு அடுத்து நடப்பவர். சாதாரண எழுத்தராகச் சேர்ந்து பதிவாளர்வரை உயர்ந்தவர். ஏழுமலைக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே நாளில் வேலை கிடைத்தது. பதிவாளரான பிறகும், அரங்கத்துக்குள் நடக்கும்போது ‘மெதுவா ஏழுமலை, மெதுவா’ என்று அவர் முணுமுணுப்பது வரிசையில் பின்னால் வருகிற எங்களுக்குக் கேட்கும்.

“அம்சா கல்யாணத்துக்கு மொத ஆளா வந்து பந்தில பரிமாறினவரு மேடம். அப்படிப்பட்டவரு என் கடைசி வருஷத்துல வேற ஆளப் போட்டாரு. எம் பொண்ணு, மருமகன், பேத்தி எல்லாம் ரெண்டு பஸ் மாறி வந்து உக்காந்துருக்காங்க. தாத்தா வருவாருனு பாத்துகினு இருக்கு அந்தக் கொழந்த. நான் உள்ள அங்கி மாட்ற ரூமுக்குக் காவல்.”

அம்சா எழுந்து சமையலறைக்குப் போனாள்.

“அப்பறம் ஒருநாள், அவரு ரிடையர் ஆன பின்னாடி, கோயிலுக்கு வந்தவரு என்னத் தேடி இங்க வந்தாரு. வாசல்ல நின்னுகினு ஏழுமலை, ஏழுமலைனு கூப்பிட்றாரு. நான் இந்த ரூம்லதான் இருந்தேன். ஊர்ல இல்லன்னு சொல்லுனு அம்சாகிட்ட சொல்லிட்டேன். போய்ட்டாரு. அதுக்கப்பறம் ஆறு மாசத்துல செத்துட்டாருனு தகவல் வந்துச்சு. நான் போவல.”

சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்த நிறைவுதான் இருந்தது.

நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடம், அந்தக் கூடத்தில், அந்த வெட்டிய படத்துக்குக் கீழே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அம்சா தட்டோடு வந்துவிட்டாள். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், வறுத்து அரைத்த மல்லாட்டைச் சட்னி. நிலக்கடலைக்கு அங்கே மல்லாட்டை என்றுதான் பெயர். களியைக் கடிக்கக் கூடாது, சட்னியில் தொட்டு அப்படியே விழுங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். விழுங்கினேன். திரும்பிப் போக ஒரு பை நிறைய அவித்த கடலையும் கட்டிக்கொடுத்தார்கள்.

நடந்தது இதுதான். ஏழுமலையின் கடைசி ஆண்டில் விழாப் பொறுப்பு முதன்முதலாக என்னிடம் வந்திருந்தது. தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. ஒத்திகையில் ஏழுமலை வாசலில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். எனக்குப் பயம் வந்துவிட்டது. அன்று மாலையே கோப்பில் குறிப்பு எழுதினேன்: ‘வயது முதிர்வின் காரணமாக நடையில் தளர்வு காணப்படுவதால், உடற்கல்வித் துறை ஊழியரைச் செங்கோல் ஏந்தப் பணிக்கலாம்.’

கோப்பு கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. ஓரத்தில் தனபால் சாரின் பச்சை மை: ‘இந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறார். அவரே ஏந்தட்டுமே? பேசுக.’

போய்ப் பேசினேன். ஆளுநர் முன்னால் செங்கோல் கீழே விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். அவர் தன் பச்சை மைக் குறிப்பை ஒருமுறை படித்துப் பார்த்தார். “உங்க விழா. உங்க இஷ்டம்” என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஏழுமலை என் அறை வாசலில் வந்து நின்றார். “லிஸ்ட்ல என் பேரு இல்லையே மேடம்” என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் நான் சொன்னேன்: “நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் ஏழுமலை. ரிஜிஸ்ட்ரார் ஒத்துக்கல.”

ஒரு கணத்தில் சொன்ன பொய். சாயங்காலத்துக்குள் மறந்தும்போனேன். அம்சா தொலைபேசியில் பேசியபோதுதான் திரும்ப நினைவு வந்தது. அது இந்த ஊருக்கு வந்து, இந்த வீட்டில் எட்டு வருடம் குடியிருந்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? தனபால் சார் இறந்தபோது மாலை வாங்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருத்தி.

மூன்றாம் நாள் காலை எனக்கு ஊருக்குப் பேருந்து. அதை விட்டுவிட்டு ஏழுமலையின் ஊருக்கு ஆட்டோ பிடித்தேன். கடலைப் பையைக்கூடப் பிரிக்கவில்லை. அப்படியே மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆட்டோக்காரர் வழி நெடுக, பௌர்ணமிக் கூட்டம் இந்த மாதம் கம்மி, போன மாதம் ஜாஸ்தி என்று பேசிக்கொண்டே வந்தார். உம் கொட்டினேன்.

வீட்டில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொல்லியைக் கைகாட்டினார். கொல்லி என்றால் அங்கே புன்செய் நிலம். கடலைச் செடிகளைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். ஏழுமலையும் அம்சாவும் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை.

“இன்னா மேடம், எதனா மறந்துட்டீங்களா?” என்று ஏழுமலை எழப் போனார்.

எழ வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானும் மண்ணில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்திருந்த எதுவும் நினைவில் இல்லை. “உங்க பேர எடுத்தது தனபால் சார் இல்ல, ஏழுமலை. நான்தான்” என்றேன்.

அவர் கை கடலையை ஆய்ந்துகொண்டே இருந்தது. காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

“ஃபைல்ல நோட்டு நான்தான் எழுதினேன். அவர் வேண்டாம்னு திருப்பி அனுப்பினார். நான்தான் மறுபடியும் போய்க் கையெழுத்து வாங்கினேன். உங்ககிட்ட வந்து அவர் மேல பழியப் போட்டுட்டேன்.”

“இன்னா எழுதினீங்க?” என்றார்.

சொன்னேன். வார்த்தை மாறாமல் சொன்னேன்.

“நடையில தளர்வு” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “அவரு இன்னா எழுதினாரு?”

பச்சை மையில் இருந்ததைச் சொன்னேன். ‘அவரே ஏந்தட்டுமே’ என்ற இடத்தில் அவர் கை நின்றது.

அம்சாதான் முதலில் பேசினாள். “அப்ப அந்த மனுஷன் வாசல்ல வந்து நின்னப்ப… நான்தானே மேடம் வெளிய வந்து அப்பா இல்லன்னு சொன்னேன். வெயில்ல நின்னாரு. ஒரு சொம்பு தண்ணிகூட நான் குடுக்கல. வேணும்னேதான் குடுக்கல.” கையிலிருந்த செடியைக் கீழே போட்டாள். “எங்கள ஏன் மேடம் அப்படிப் பண்ண வெச்சீங்க?”

நான் குவியலிலிருந்து ஒரு செடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஏழுமலை கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக் கேட்டார். “அவரு வூட்டம்மா இருக்காங்களா?”

இருந்தார். தனபால் சாரின் மனைவி மகன் வீட்டில் இருந்தார். என்னிடம் எண் இருந்தது. போட்டுக் கொடுக்கச் சொன்னார். காதில் வைத்தால் சரியாகக் கேட்காது என்பதால் சத்தமாக வரும்படி வைத்துக் கையில் கொடுத்தேன்.

“அம்மா, நான் ஏழுமலை பேசறேன். செங்கோல் ஏழுமலை.”

“ஏழுமலையா! எப்படிப்பா இருக்க?” அந்த அம்மாளின் குரல் கொல்லி முழுக்கக் கேட்டது. “உன்னப் பத்தி அவங்க சொல்லாத நாள் உண்டா? அங்க கோயிலுக்கு வந்தப்போ உன் வீட்டுக்கும் வந்தாங்களே, தெரியுமா?”

“தெரியும்மா.”

“நீ ஊர்ல இல்லன்னு பாப்பா சொல்லிச்சாம். திரும்பி வந்து என்கிட்ட சிரிச்சாங்க. ‘செருப்பு வாசல்லயே கெடந்துச்சு கமலா, ஆறடி ஆளோட செருப்பு எனக்குத் தெரியாதா? பாவம், அசந்து தூங்கியிருப்பான், பாப்பாவுக்கு எழுப்ப மனசு வரல’ன்னாங்க. அடுத்த பௌர்ணமிக்கு மறுபடியும் போவோம்னாங்க. அதுக்குள்ள படுத்துட்டாங்க.”

அந்தப் பக்கம் அம்மாள், “ஏழுமலை? லைன்ல இருக்கியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அம்சா கைபேசியை வாங்கி, நெல் விலையையும் மழையையும் பற்றி ஏதோ பேசி வைத்தாள்.

நான் நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். “இதுல நீங்க சொன்னதெல்லாம் இருக்கு. வேண்டாம்னா கிழிச்சிடறேன்.”

அவர் நோட்டைத் தொடவில்லை. “எழுதுங்க. பூட்ஸு கதயும் எழுதுங்க. ஆனா தனபால் சார் ஓரத்துல எழுதினாரே, அதயும் போடுங்க. யாரு கேட்டு யாரு கையெழுத்துக் குடுத்தாங்கன்றதயும் போடுங்க. அது இல்லன்னா எம் பேரு எதுலயும் வேணாம்.”

எழுதினேன். கோப்புக் குறிப்புகள் அலுவலக ரகசியம், விழா மலரில் அதெல்லாம் எதற்கு என்று குழு அந்தப் பத்தியை எடுத்துவிட்டது. அதனால்தான் மற்றதையும் திரும்ப வாங்கினேன். இன்று மலரைப் புரட்டுகிறவர்கள், வாசலில் நிற்பது கல்விக்குச் செலுத்தும் மரியாதை என்றே படிப்பார்கள். அங்கே மறுக்கப்பட்ட பத்தியைத்தான் இங்கே முழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்று கொல்லியில் வெயில் ஏறிவிட்டது. ஆட்டோக்காரர் சாலையிலிருந்து ஒலி எழுப்பினார். நான் எழுந்து சேலையில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டினேன். அம்சா முகத்தைத் திருப்பிக்கொண்டு செடிகளை உதறிக்கொண்டிருந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையை அதுவரை நான் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னேன். ஏழுமலை தலையை அசைத்தார். அது எதற்கான அசைவு என்று தெரியவில்லை.

“அப்ப நான் வரேன்” என்றேன்.

எங்கள் பக்கமானாலும் சரி, அவர்கள் பக்கமானாலும் சரி, புறப்படுகிறவர் எப்பேர்ப்பட்ட பகையாளியாக இருந்தாலும் ‘போய்ட்டு வாங்க’ என்றுதான் சொல்வார்கள். ஏழுமலை என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லாத, களைத்த முகம்.

“சரி மேடம்” என்றார். “போங்க.”